மருதாணி விழுந்த டிவி

முதலில் ஒரு மன்னிப்பு. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துபோனவள் நான். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவள் பத்திரிகையில் வாரா வாரம் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் மேற்குத் தாம்பரத்தில் இருக்கும் எங்கள் செருப்புக் கடையைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு என் கணவரின் அண்ணன் ஹாஜா மச்சான் போன் செய்தார்.

"வீட்டு விஷயத்தையெல்லாம் ஊருக்குச் சொல்றியாமே மெஹரு. அடுத்த வாரம் என்ன, என்னையப் பத்தியா?"

"ஆமா மச்சான்" என்றேன்.

அவர் இருமினார். போனை வைத்துவிட்டார். ஆகவே இந்த வாரம் டிவி கதை.

சத்தம் இருந்தது, படம் இல்லை

என் மகள் சபீனாவின் நிக்காஹ்வுக்கு முந்தின நாள் மதியம். கேளம்பாக்கம் போகும் வழியில் ஒரு கல்யாண மண்டபம். மாடியில் பெண்கள் ஹால். புதுப் பாய்களின் கோரை வாசனையும் மருதாணி வாசனையும் கலந்து அடித்தன. நான் சுவரில் இருந்த பெரிய டிவியைப் பார்த்தபடி நின்றிருந்தேன்.

டிவியில் ஒருவர் "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று பேசிக்கொண்டிருந்தார். ஆள் தெரியவில்லை. கரும்பலகை பேசுவது போல் இருந்தது.

எங்கள் கல்யாணங்களில் நிக்காஹ் கீழே ஆண்கள் பக்கம் நடக்கும். பெண்ணும் பெண்ணைப் பெற்றவளும் மாடியில் இருப்போம். பெண்ணின் தகப்பனார் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து மகளை ஒப்புக்கொடுப்பார். மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டேன் என்பார். இருபது வருடம் வளர்த்த பிள்ளை கைமாறும் அந்த நிமிடத்தை நாங்கள் மைக்கில் காதால் கேட்போம்.

இந்த மண்டபத்தை நான் பிடிவாதமாகக் கேட்டு வாங்கியதே அந்த டிவிக்காகத்தான். கீழே ஒரு கேமரா, மேலே அறுபத்தைந்து இன்ச் டிவி. கட்டிலை நிமிர்த்தி வைத்தது போல் இருக்கும். அப்போதெல்லாம் அவ்வளவு பெரிய டிவியைக் கடை வாசலில் நின்றுதான் பார்ப்போம்.

அது அன்றைக்கென்று கண்ணை மூடிக்கொண்டது.

கம்பெனிக்குப் போன் போட்டார்கள். திங்கள்கிழமைதான் ஆள் வர முடியும், திறப்பதென்றால் ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப் போக வேண்டும் என்று பதில் வந்தது. நிக்காஹ் ஞாயிற்றுக்கிழமை.

ஹாஜா மச்சான்தான் கல்யாணத்தை முன்னின்று நடத்துகிறவர். படியில் இருமிவிட்டு மேலே வந்தார். டிவியை ஒரு பார்வை பார்த்தார்.

"இதைக் கழட்டி இறக்கச் சொல்லிட்டேன். அந்த இடத்துல பூ அலங்காரம் பண்ணிடலாம். மைக்ல கேட்கும்ல? காது போதும்."

"மச்சான், சபீனா நிக்காஹ்வை..."

"உன் நிக்காஹ்வை உங்கம்மா பார்த்தாங்களா? நீதான் பார்த்தியா?"

"பார்க்கலை மச்சான். அதனாலதான்."

இது என் வாயிலிருந்து வந்ததா என்று நானே திரும்பிப் பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு நான் சொன்ன முதல் எதிர்ப்பேச்சு அது.

அவர் சிரித்தார். "இப்பவும் பார்க்க முடியாது. கம்பெனிக்காரனே கைய விரிச்சுட்டான்."

மண்டபத்து ஆட்கள் வந்து டிவியை இறக்கினார்கள். மெத்தைகளைப் பரப்பி முகம் கீழாகப் படுக்க வைத்துவிட்டுப் போனார்கள். சுவரில் நாலு போல்ட் மட்டும் நின்றன.

இருமல்

என் நிக்காஹ் பல்லாவரத்தில் நடந்தது. தெருவில் பந்தல். எதிர் வீட்டு மாடியில் ஒரு அறையில் என்னை உட்கார வைத்திருந்தார்கள். ஜன்னலுக்குப் பாய் கட்டியிருந்தது. பாயின் ஓட்டை வழியாக ஒரு காக்காயும் ஒரு ட்யூப்லைட்டும் தெரிந்தன.

ஸ்பீக்கர் கொய்ங் என்று ஊளையிட்டது. நிக்காஹ் நடத்தும் ஹஜ்ரத்தின் குரல் வந்தது, என்னைப் பெற்ற அத்தாவின் குரல் வந்தது. மாப்பிள்ளை பேச வேண்டிய நேரத்தில் பலமாக ஓர் இருமல் கேட்டது. உடனே பெண்கள் குலவையிட்டார்கள். எனக்கு அந்த இருமலோடுதான் கல்யாணம் ஆனது.

பிறகு என் கணவரிடம் கேட்டேன். "அன்னிக்கு இருமினது நீங்களா?"

"நானில்லை. ஹாஜா அண்ணன். மைக் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தாரு."

என் மகளும் யாரோ ஒருவருடைய இருமலைக் கேட்டு மனைவியாவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

குரோம்பேட்டை மாடி

எனக்கு டிவியைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். டிவியைப் பற்றித் தெரியாது. அதன் திரைக்குப் பின்னால் எரியும் குழல்களைப் பற்றிக் கொஞ்சம் தெரியும்.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு குரோம்பேட்டையில் ஒரு மாடியில் சில வருடம் வேலை பார்த்தேன். தட்டைக் கம்ப்யூட்டர் திரைகள் வந்த புதிது. வெளிச்சம் போன திரைகளை எங்களிடம் அனுப்புவார்கள். வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து திறந்து, உள்ளே இருக்கும் குழலை மாற்றி மூடுவோம். பேனா ரீஃபிள் போல மெலிசான குழல். தும்மினால் உடையும். உடைந்தால் கையால் தொடக் கூடாது, உள்ளே பாதரசம் இருக்கிறது.

ஆனால் அவை மடியில் வைத்துத் திறக்கும் அளவுதான். ஒருத்தி போதும். அறுபத்தைந்து இன்ச்சை நான் கனவில்கூடத் திறந்ததில்லை.

டிவியைச் சுவரிலிருந்து கழற்றுவதற்கு முன்னாலேயே ஒன்று கவனித்திருந்தேன். சுவிட்சைப் போட்டதும் கண் இமைக்கும் நேரம் திரை பளிச்சென்றது, பிறகுதான் இருண்டது. என் தங்கை ஜீனத்தின் செல்போனில் டார்ச் இருந்தது. அதை வாங்கித் திரைக்குப் பக்கத்தில் சாய்த்துப் பிடித்தேன். அந்தச் சின்ன வட்டத்துக்குள் மங்கலாகக் கீழே உள்ள மேடை தெரிந்தது. நாற்காலி தெரிந்தது. மைக்செட்காரர் காது குடைந்துகொண்டிருந்தார்.

"படம் உள்ளே ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. வெளிச்சம்தான் போச்சு" என்று டிவியை இறக்கிப் போட்ட பிறகு அவளிடம் சொன்னேன்.

"அப்ப என்ன பண்ணலாம்க்கா?"

"திறக்கலாம்."



தொற

டிவி எங்களுடையது இல்லை. மண்டபத்துச் சொந்தக்காரர் சரோஜாம்மா. தங்கள் குடும்பத்து நெல் வயலிலேயே மண்டபம் கட்டியவர். கழுத்தில் சாவிக்கொத்து, காலில் ரப்பர் செருப்பு. அவரிடம் பேச நான் மூன்று தடவை படி இறங்கி மூன்று தடவை திரும்பிவிட்டேன். கடைசியில் அவரே மேலே வந்தார்.

"இன்னாம்மா, எதுக்கு ஏறி ஏறி எறங்குற?"

சொன்னேன்.

"ஒடஞ்சா இன்னா ஆவும்?"

"கண்ணாடி போனா டிவியே போயிடும்மா. பிழைக்காது."

"இப்ப மட்டும் இன்னா உசுரோடவா கீது?" என்றார். "அந்தப் பெரியவரு என்னைக் கேக்காம என் டிவிய எறக்கச் சொல்றாரு. பூ கட்டணுமாம், பூ. நீ தொற."

"மச்சான் திட்டுவாரு..."

"மண்டபம் யாரோடது? தொறன்றேன்."

ஈயப் பற்று வைக்கச் சூட்டுக்கோல் வேண்டும். மைக்செட்காரரிடம் இருக்கும் என்று சரோஜாம்மா மாடிக் கைப்பிடியில் இருந்து கூப்பிட்டார். அவர் ஒரு துணிப்பையில் சூட்டுக்கோலும் ஈயக்கம்பியும் போட்டு, சரோஜாம்மா இறக்கிய பூக்கயிற்றில் கட்டிவிட்டார்.

"யக்கா, மேல இன்னா வெல்டிங் பட்டறையா ஓடுது?"

"உன் மூஞ்சி டிவில நல்லாத் தெரியணும்னுதான்டா. வேலையப் பாரு" என்றார் சரோஜாம்மா.

ஒரே சஹன்

பிளக்கைப் பிடுங்கி வெகுநேரம் ஆகியிருந்தது. இருந்தாலும் இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். பிளக்கைப் பிடுங்கினாலும் பவர் போர்டில் மின்சாரம் தேங்கி நிற்கும். குரோம்பேட்டையில் ஒருத்தி அதைத் தொட்டு நாற்காலியோடு விழுந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு பின்மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றினேன். நீளம் நீளமாக வேறு வேறு அளவு. சீரில் வந்த பேரீச்சம்பழ டப்பாக்களைக் காலி செய்து, எந்த மூலையோ அந்த டப்பா என்று போட்டு வைத்தோம்.

அப்புறம் டிவியை மல்லாக்கத் திருப்ப வேண்டும். முதுகில் போர்டுகள் இருக்கின்றன, தரையில் பட்டால் நசுங்கும். மண்டபத்துத் தலையணைகளை நாலு ஓரத்துக்கும் அணை கொடுத்து, நடுவில் எதுவும் படாமல் திருப்பி வைத்தோம். முன்பக்கத்து பிளாஸ்டிக் சட்டம் வந்தது. இரும்புச் சட்டம் வந்தது. கண்ணாடி வெறுமையாகக் கிடந்தது.

ஃபேனை நிறுத்தி ஜன்னல்களைச் சாத்தியாயிற்று. தூசி பறக்கக் கூடாது. அந்தப் புழுக்கத்தில் முதுகில் தண்ணீராக வழிந்தது. முகத்து வியர்வை சொட்டினால் அதுவும் கறை. ஆளுக்கொரு துண்டு.

இனிதான் பெரிய வேலை. கண்ணாடியைத் தூக்க வேண்டும். அவ்வளவு பெரிய கண்ணாடி தன் கனத்திலேயே வளையும். ஒரு மூலை முந்தினாலும் கீறல் விழும். ஒரு ஓரத்தில் பட்டுநாடா போல் மெல்லிய பட்டைகள் தொங்குகின்றன. அதோடு சேர்ந்த சின்ன போர்டையும் கூடவே தூக்க வேண்டும். பட்டை கிழிந்தால் தைக்க முடியாது.

நாலு பேர் தேவை. மருதாணி இடாத கையாக இருக்க வேண்டும். நான் ஒருத்தி. சரோஜாம்மா ஒருவர். ஜீனத் தன் மருதாணியை அப்போதே கழுவி வந்தாள், பாதிதான் சிவந்திருந்தது. நாலாவது மைமூன் அக்கா. என் நாத்தனார், ஹாஜா மச்சானுக்கு நேர் தங்கை.

"ஒண்ணு, ரெண்டு, மூணு சொல்லித் தூக்கலாமா?" என்றாள் ஜீனத்.

சும்மா ஒரு ஜமுக்காளத்தை விரித்துத் தூக்கிப் பார்த்தோம். ஜீனத் ரெண்டில் தூக்கினாள். மைமூன் அக்கா மூணு முடிந்த பிறகு தூக்கினார். அது கண்ணாடியாக இருந்திருந்தால் கல்யாணக் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

எங்கள் பக்கம் விருந்தில் நாலு பேர் ஒரே பெரிய தட்டில் சாப்பிடுவோம். அதை சஹன் என்போம். சஹனில் உட்கார்ந்தால் யாரும் அடுத்தவர் பக்கம் கை நீட்டுவதில்லை. முகத்தைப் பார்க்காமலே மற்ற மூன்று கைகளும் எங்கே இருக்கின்றன என்று தெரியும். பிஸ்மில்லாஹ் என்று ஒரு குரல் எழுந்தால் நாலு கையும் ஒன்றாகச் சோற்றில் இறங்கும். அதற்கு எண்ணிக்கை சொல்லித் தர வேண்டியதில்லை.

"சஹன்ல உட்கார்ற மாதிரி உட்காருங்க" என்றேன். "அவங்கவங்க பக்கம் மட்டும். நான் பிஸ்மில்லாஹ் சொன்னதும்."

சரோஜாம்மாவைப் பார்த்தேன். "உங்களுக்கு..."

"எனக்கா? இந்த மண்டபத்துல உங்க ஆளுங்க கல்யாணத்துக்கெல்லாம் நானும் குந்தித்தான் துன்றேன். சொல்லு சொல்லு."

ஜமுக்காளம் ஒரு சுருக்கம் இல்லாமல் எழுந்தது.

வராதீங்க

கண்ணாடியிலிருந்து பெரிய போர்டுக்குப் போகும் இணைப்பைத் திருப்புவதற்கு முன்பே கழற்றியிருந்தேன். நாலு பேரும் முழங்காலில் உட்கார்ந்தோம். பிஸ்மில்லாஹ்.

எழுந்தது. தண்ணீரைத் தட்டில் வைத்துத் தூக்குவது போல் லேசாக ஆடியது. அடியில் வெள்ளைத் தாள்கள் பளபளத்தன. பக்கத்து மெத்தைக்குக் கொண்டுபோக நாலடி தூரம். பாதி தூரத்தில் இருக்கும்போது படியில் இருமல் கேட்டது.

"மெஹரு! டிவியப் பிரிக்கிறியாமே?"

 என் மூலை ஆடுவது மற்ற மூவருக்கும் தெரிந்தது. யாரும் நிமிரவில்லை.

"யாரைக் கேட்டுத் தொட்டே? இரு, வர்றேன்."

செருப்புச் சத்தம் ஒவ்வொரு படியாக ஏறியது. அவர் உள்ளே வந்து ஒரு சத்தம் போட்டால் போதும்.

மைமூன் அக்கா தன் மூலையை அசைக்காமல், குரலை மட்டும் உயர்த்தினார்.

"வராதீங்கண்ணே! பொம்பளைங்க இருக்கோம். முக்காடு போடலை!"

செருப்புச் சத்தம் நின்றுவிட்டது.

உண்மையில் அன்று எங்கள் நாலு பேர் தலையிலும் முக்காடு இருந்தது. மயிர் ஒன்றுகூட விழக் கூடாதென்று சரோஜாம்மா உட்பட எல்லோரும் இழுத்துக் கட்டியிருந்தோம்.

"மைமூனு, நீயுமா?" என்றார் படியிலிருந்து.

"நானும்தாண்ணே. கீழே போங்க. பொம்பளைங்க இருக்கிற இடத்துல ஆம்பளைக்கு என்ன வேலை? நீங்கதானே எப்பவும் சொல்வீங்க?"

ஜீனத்துக்குச் சிரிப்பு வந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். எந்த வழக்கம் எங்களைக் கீழே விடவில்லையோ, அதே வழக்கம் அவரை மேலே விடவில்லை. கண்ணாடி மெத்தையில் இறங்கியது. அப்புறம்தான் மூச்சு விட்டோம்.

கறுத்த ரப்பர்

வெள்ளைத் தாள்கள் மூன்று. ஒவ்வொன்றாக எடுத்து, முன்பின் மாறாமல் மூலையில் குறி வைத்து, கழுவிக் காய்ந்த வெள்ளை வேட்டியின் மேல் அடுக்கினோம். அதற்கடியில் பால் நிறத்தில் தடித்த பலகை. அதையும் எடுத்தால் குழல்கள். மூங்கில் தட்டி போல் வரிசையாகக் கிடந்தன.

சபீனா சுவரோரம் இரண்டு கையையும் விரித்தபடி உட்கார்ந்திருந்தாள். மருதாணி காய்ந்துகொண்டிருந்தது. "நானும் பார்க்கிறேம்மா" என்று எட்டிப் பார்த்தாள். முழங்கையால் தள்ளி உட்கார வைத்தேன்.

ஒரு குழலின் முனையில் ரப்பர் கறுத்திருந்தது. முகர்ந்தேன். எரிந்த வாசனை. ரப்பரை விலக்கினால் கம்பியின் ஈயப் பற்று விட்டிருந்தது. ஒரு குழலின் பற்று விட்டால் போதும், ஆபத்து என்று நினைத்து மற்ற எல்லாக் குழல்களையும் டிவியே அணைத்துவிடும். குழல் சாகவில்லை. பற்றுதான்.

கரியைத் துடைக்க ஏதாவது வேண்டும். எங்கள் கல்யாண வீட்டில் நகப்பூச்சை அழிக்கும் பாட்டில் நிச்சயம் இருக்கும். நகத்தில் பூச்சு இருந்தால், தொழுகைக்கு முன் கை கால் கழுவும் ஒளு நிறைவேறாது. அதைத் தொட்டுக் கரியைத் துடைத்தேன். நன்றாகக் காயவிட்டு, சூட்டுக்கோலை வைத்தேன். ஈயம் புகைந்தது. குரோம்பேட்டை மாடி ஞாபகம் வந்தது. 

மூடுவதற்கு முன் எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு சுவிட்சைப் போட்டேன். பளிச்சென்றது. அணையும் என்று பார்த்தேன். அணையவில்லை. தரையிலிருந்து வந்த வெளிச்சத்தில் கூரையில் எங்கள் நிழல்கள் பெரிதாக நின்றன.

"எரியுதும்மா!" என்று சபீனா கையை ஆட்டிக்கொண்டு கத்தினாள்.

பிளக்கைப் பிடுங்கிப் பொறுத்திருந்து, எடுத்த வரிசைக்குத் தலைகீழாக எல்லாம் வைத்தோம். தாள்களை வைக்கும்போதும் சபீனா எட்டிப் பார்த்தாள். கண்ணாடிக்கு இன்னொரு பிஸ்மில்லாஹ். டப்பா டப்பாவாக ஸ்க்ரூ. நாங்கள் ஒதுங்கி நின்றதும் மண்டபத்து ஆட்கள் வந்து சுவரில் மாட்டினார்கள்.

பொட்டு

படம் வந்தது. கீழே மேடை, நாற்காலி, மைக்செட்காரர். நடுவிலிருந்து சற்று இடப்பக்கம் மிளகளவில் ஒரு கறுப்புப் பொட்டு.

துணியால் துடைத்தேன். போகவில்லை. உள்ளே இருந்தது.

சபீனா தன் கையைப் பார்த்தாள். மணிக்கட்டில் காய்ந்த மருதாணி ஓர் இடத்தில் உதிர்ந்திருந்தது. "அம்மா, என் கையிலேர்ந்து விழுந்ததா?"

ஜீனத் டப்பாக்களை எடுத்தாள். "மறுபடி திறக்கலாமாக்கா?"

"வேணாம்" என்றேன்.

ஒரு காரணம் கண்ணாடி. ஒரு தடவை தப்பித்ததை மறு தடவை சோதிக்கக் கூடாது. இன்னொரு காரணம் சபீனாவின் மணிக்கட்டைப் பார்த்தபோது தோன்றியது, அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இப்போதும் சொல்லப்போவதில்லை.

எல்லோரும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஹாஜா மச்சானை மேலே கூப்பிட்டோம். நெடுநேரம் டிவியைப் பார்த்தார். குறை சொல்ல ஏதாவது வேண்டியிருந்தது.

"என்னது அது, பொட்டு?"

"மருதாணி மச்சான்."

"பார்க்க அசிங்கமா இருக்கு. எடுத்துடு."

"எடுக்க மாட்டேன்."

சரோஜாம்மா முக்காட்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என் டிவிக்குத்தானே பொட்டு வெச்சா? உனுக்கா வெச்சா?"

மச்சான் இருமிவிட்டுப் படி இறங்கினார்.

மறுநாள் லுஹர் என்னும் மதியத் தொழுகைக்கு முன்னால் நிக்காஹ் நடந்தது. ஹாஜா மச்சான் கேமராவை மறைத்து நின்றார். ஜீனத் மைக்செட்காரருக்குப் போன் போட்டு மச்சானை நகர்த்தச் சொன்னாள், மச்சான் நகர்ந்தார். பொட்டு மாப்பிள்ளையின் கன்னத்தில் வந்து நின்றது. என் கணவர் மாப்பிள்ளையின் கையைப் பிடித்தார், ஒரு கை போதாமல் மற்றக் கையையும் அதன் மேல் வைத்தார். நானும் சபீனாவும் பார்த்தோம். பிறகு கண்ணாடி தூக்கிய நாங்கள் நாலு பேரும் ஒரே சஹனில் பிரியாணி சாப்பிட்டோம்.